கார்டுல அப்பா பேரே இருக்கட்டும்

நாலஞ்சு நாளா எனக்கு ஒரே எரிச்சல். யார்கிட்டயாச்சும் கொட்டணும். உங்ககிட்டயே கொட்டிருறேன்.

எங்க சித்தி மக, நாங்க பாப்பான்னு கூப்புடுறவ, அமெரிக்காவுல இருக்கா. போன வருசம் இங்க வாடிப்பட்டியில வச்சுத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்க குடியுரிமை வாங்குனவரு. இவளுக்கு விசா வந்து, போயி எறங்கி, கிரீன் கார்டும் தபால்ல வந்துருச்சு. கார்டுல அவ பேரு, கூடவே எங்க சித்தப்பா பேரு. பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ அப்படியே.

நல்லபடியா முடிஞ்ச வேலை. ஆனா வீட்ல பேச்சு ஓயல.

"அக்கா, அத்தை தெனமும் கேக்குறாக. கல்யாணம் முடிஞ்சும் இன்னும் அப்பா பேரே கெடக்குதே, எப்ப மாத்தப் போறேன்னு."

"நீ என்ன நெனக்கிற?"

"எனக்கு அப்படியே இருக்கட்டும்னுதான் இருக்கு. ஆனா மாத்தலைன்னா கார்டு செல்லாதாமே?"

இந்தக் கடைசி வரிதான் என்னையக் கெளப்பி விட்டது. யாரு சொன்னதுன்னு விசாரிச்சா, சித்தி பஜார்ல ஒரு டைப்பிங் சென்டர்ல கேட்டுட்டு வந்துருக்கு. அங்க இருந்தவரு "பேரு மாத்தலைன்னா கார்டு கேன்சல் ஆயிரும், சீக்கிரம் பாருங்க"ன்னு சொல்லி, ஃபீஸும் சொல்லி அனுப்பிருக்காரு. சித்தி ராத்திரி பூரா தூங்கல.

அதனால மொத விசயத்த மொதல்லயே சொல்லிருறேன். கல்யாணம் ஆன பொண்ணு பேர மாத்தியே ஆகணும்னு இந்தியாவுலயும் சட்டம் இல்ல, அமெரிக்காவுலயும் சட்டம் இல்ல. பேரு மாத்தாததுக்காகக் கார்டு ரத்தாகாது. பாஸ்போர்ட்டும் ரத்தாகாது. 2017 ஏப்ரல்ல பிரதமரே பேசுறப்ப சொன்னாரு, கல்யாணத்துக்கு அப்புறம் பொம்பளைங்க பாஸ்போர்ட்டுல பேரு மாத்தத் தேவையில்லன்னு. அதுக்கு முந்துன டிசம்பர்லயே பாஸ்போர்ட் விதிகளத் தளர்த்தி, கல்யாணச் சான்றிதழ் கட்டாயமில்லன்னு அறிவிச்சாச்சு. இத்தன வருசம் ஆகியும் நம்ம பஜாருக்கு இது வந்து சேரலைன்னா எனக்குக் கோவம் வருமா வராதா?

சரி, சட்டத்த விடுங்க. மாத்தணும்னே வச்சுக்குவோம். எந்தப் பேருக்கு மாத்துறது?

இங்கதான் ருசியான சிக்கலே இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

ஒரு பேச்சுக்கு, முத்துச்சாமி மக கயல்விழின்னு வைங்க. ராமசாமி மகன் செந்தில்குமார்னு மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்துல அவ மு. கயல்விழி. கல்யாணம் முடிஞ்சா பத்திரிகை, மொய் நோட்டு எல்லாத்துலயும் செ. கயல்விழி. மாப்பிள்ளை எப்பவும் ரா. செந்தில்குமார். ஒரு எழுத்து மாறுது, அவ்வளவுதான், ஊருக்குப் புரிஞ்சிரும்.

பாஸ்போர்ட்டுல இனிஷியல் போட முடியாது. விரிச்சுத்தான் எழுதணும். அதனால நம்ம ஆளுக அப்பா பேர எடுத்து சர்நேம் கட்டத்துல போட்டாக. அவ கயல்விழி முத்துச்சாமி. அவரு செந்தில்குமார் ராமசாமி. இது வரைக்கும் வண்டி ஓடுது.

இப்ப அமெரிக்கக்காரன் வழக்கப்படி புருசனோட சர்நேமுக்கு மாறுனா என்ன ஆகும்? கயல்விழி ராமசாமி. அதாவது மாமனார் பேரு! நம்ம ஊர்ல கயல்விழி ராமசாமின்னா என்ன அர்த்தம்? ராமசாமி மக. அப்ப செந்தில்குமாருக்கு அவ தங்கச்சி!

(இத நான் போன்ல சொன்னப்ப அந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல இருந்த மாப்பிள்ளை பதறிட்டாரு. அவரு அத்தன வருசமா அங்க இருந்தும் இத யோசிச்சதே இல்லயாம்.)

சரி, நம்ம வழக்கப்படியே போவோம், புருசன் பேரையே சேப்போம்னா, கயல்விழி செந்தில்குமார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்க ஆபீசுக்கு செந்தில்குமார்ங்கறது அவரோட மொதப் பேரு. சர்நேம் ராமசாமி. கல்யாணச் சான்றிதழக் காட்டி பேரு மாத்துறப்ப அங்க ஒத்துக்கறது பெரும்பாலும் புருசனோட சர்நேம எடுத்துக்கறது, இல்லைன்னா ரெண்டு சர்நேமையும் நடுவுல கோடு போட்டுச் சேக்கறது. புருசனோட மொதப் பேர சர்நேமா வேணும்னு கேட்டா, கோர்ட் உத்தரவு கொண்டான்னு சொல்லறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதாவது மாமியா எத வழக்கம்னு சொல்றாகளோ, அதுக்குத்தான் அங்க நேர் வழி இல்ல.

இன்னொன்னு பாருங்க. அப்படியே கோர்ட்டுக்குப் போயி மாத்துனாலும் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு சர்நேமும் ஒன்னா ஆகாது. "ஒரே குடும்பம்னு தெரியணும்ல"ங்கறதுதானே காரணம்? அதுவும் நடக்கல. நாளைக்குப் பிள்ளை பொறந்தா அப்பா பேர வச்சு இனியன் செந்தில்குமார்னு ஆகும். அம்மா முத்துச்சாமி, அப்பா ராமசாமி, மகன் செந்தில்குமார். மூணு பேரு, மூணு சர்நேம். மூணுமே சரி! ஒவ்வொருத்தரும் யாருக்குப் பொறந்தாகன்னு அதுலயே இருக்கு. நமக்கு இது கொழப்பமே இல்ல.

நமக்கு ஏன் குடும்பப் பேரு இல்லாமப் போச்சு? முன்னாடி வால் இருந்துச்சு, சாதி வால். 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்த விடணும்னு தீர்மானம் போட்டாக. அப்புறம் ஒரு தலைமுறை, ரெண்டு தலைமுறையில பேருக்குப் பின்னால இருந்த சாதி கழண்டு விழுந்து, முன்னால இருந்த அப்பா எழுத்து மட்டும் மிஞ்சுச்சு. இந்தியாவுல வேற எங்கயும் இவ்வளவு பரவலா இது நடக்கல. எனக்கு இதுல பெரும உண்டு. வெளிநாட்டு ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்குங்கறதுக்காக அந்தப் பெரும கொறையாது.

ஆனா கட்டம் காலியா இருந்தா அடி விழுகும், அதையும் சொல்லணும்.

சில பேரு பாஸ்போர்ட்டுல சர்நேமே போடாம ஒத்தப் பேரோட இருப்பாக. அமெரிக்க விசாவுல அந்த ஒத்தப் பேரு சர்நேம் எடத்துக்குப் போயிரும். மொதப் பேரு எடத்துல எஃப்-என்-யூன்னு அடிச்சிருவாக. மொதப் பேரு தெரியலைன்னு அர்த்தம். அது அப்படியே லைசென்சு, பேங்கு, ஆஸ்பத்திரின்னு ஒட்டிக்கிட்டே வரும். நர்ஸ் வந்து "ஃப்னூ"ன்னு கூப்புடுறப்ப நம்மளத்தான் கூப்புடுறாகன்னு தெரியாம உக்காந்துருந்த தமிழாளுக எத்தன பேரு!

துபாய்ல 2022 நவம்பர்ல இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு இருந்தா விசிட் விசாவுல வரக்கூடாதுன்னு திடீர்னு சொல்லிட்டாக. நம்ம பக்கத்து ஆளுக எத்தன பேரு பதறுனாக! அப்புறம்தான், பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தாப் போதும்னு எறங்கி வந்தாக. அதனால சர்நேம் கட்டத்துல அப்பா பேர எழுதி வைக்கறது நல்லது. அந்த அளவுக்கு நான் ஒத்துக்கறேன். அதையே கல்யாணம் முடிஞ்சதும் அழிச்சிட்டு வேற எழுதுன்னு சொல்றதுதான் எனக்கு ஆகல.

சிங்கப்பூர், மலேசியாவுல இதுக்கு அழகா ஒரு வழி கண்டுபிடிச்சாக. மலேசியாவுல அடையாள அட்டையில பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஆம்பளைக்கு ஒரு சுருக்கம், பொம்பளைக்கு ஒரு சுருக்கம். மகன், மகள்னு மலாய்ல சொல்றது. சிங்கப்பூர்ல அதையே இங்கிலீஷ்ல போடுவாக. கயல்விழி, முத்துச்சாமி மகள். முடிஞ்சது. கல்யாணம் ஆனா முத்துச்சாமிக்கு மக இல்லைன்னு ஆயிருமா? ஆகாதுல்ல. அங்க எத்தனையோ தமிழ்ப் பொம்பளைக வாழ்நாள் முழுக்க அந்தப் பேரோடதான் இருக்காக.

கனடாவுல கியூபெக் இருக்குல்ல, மாண்ட்ரியல் இருக்கற மாகாணம்? அங்க இன்னும் தீர்மானமா இருக்காக. 1981 ஏப்ரல்ல இருந்து கல்யாணம் ஆன பொண்ணு பொறந்த பேருலதான் சட்ட வேலை எல்லாம் செய்யணும். கல்யாணத்தக் காரணம் காட்டிப் பேரு மாத்தித் தாங்கன்னு போயி நிக்கவே முடியாது. மாமியா கேட்டா "சட்டம் விடமாட்டேங்குது அத்தை"ன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கலாம்.

பிரான்சுலயும் கிட்டத்தட்ட இதேதான். பொறந்த பேருதான் பேரு. வேணும்னா புருசன் பேர வழக்கப் பேரா பக்கத்துல போட்டுக்கலாம். குடியிருப்பு அட்டையிலயும் பொறந்த பேரு அழியாது.

பிரான்ச சொன்னதும் பாண்டிச்சேரி ஞாபகம் வருது. (கொஞ்சம் வழி மாறிப் போறேன், பொறுத்துக்கங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.) பொன்னுத்தம்பின்னு ஒரு வக்கீல். 1873ல ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வந்தாருன்னு அவரத் தடுத்தாக. அந்த ஊர்க்காரன் ஷூ போடக்கூடாதாம். மனுசன் விடல, பாரிஸ் வரைக்கும் வழக்க நடத்தி ஜெயிச்சாரு. அப்புறம் 1881 செப்டம்பர் 21ல ஒரு ஆணை வந்துச்சு. தன் சாதி, மத வழக்கச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வர்றேன்னு யாரு வேணும்னாலும் எழுதிக் குடுக்கலாம். அப்படி வந்தா ஒரு குடும்பப் பேரு எடுத்துக்கணும். பொன்னுத்தம்பி எடுத்துக்கிட்ட பேரு லாபோர்த். இன்னைக்கும் பாண்டிச்சேரியில, பாரிஸ்ல, பிரெஞ்சு சர்நேமோட தமிழ்க் குடும்பங்க இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவுக சம உரிமைக்காக விரும்பி எடுத்த பேரு அது. அதுக்கு நான் தலை வணங்குறேன். அது மாதிரி ஒரு பொண்ணு தானா ஆசப்பட்டு புருசன் பேர எடுத்தா அதுக்கும் நான் குறுக்க நிக்க மாட்டேன். மெரட்டி எடுக்க வைக்கறதுதான் தப்பு.

சரி, ஆசப்பட்டு மாத்துறவுகளுக்கு நடைமுறைய சொல்லிருறேன்.

அமெரிக்காவுல கார்டு கையில இருக்கறவுக ஐ-90ங்கற ஃபாரம் போட்டு, கல்யாணச் சான்றிதழக் காட்டி வேற கார்டு வாங்கலாம். 2024 ஏப்ரல்ல வந்த கட்டணப்படி ஆன்லைன்ல 415 டாலர், காகிதத்துல போட்டா 465. நம்ம காசுக்கு எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிக்கங்க. சோசியல் செக்யூரிட்டி அட்டையில மாத்தறது இலவசம்.

ஆனா கல்யாணம் ஆகி ரெண்டு வருசத்துக்குள்ள போயி எறங்குனவுகளுக்கு மொதல்ல குடுக்கறது ரெண்டு வருச நிபந்தனைக் கார்டுதான். அது முடியறதுக்கு முந்துன 90 நாளுக்குள்ள ஐ-751 ஃபாரம் போட்டே ஆகணும். அவசரமில்லைன்னா அந்தச் சமயத்துல புதுப் பேரையும் ஆதாரத்தோட குடுத்தா, அடுத்து வர்ற பத்து வருசக் கார்டு புதுப் பேருலயே வரும். நடுவுல 415 டாலர் மிச்சம். (எங்க பாப்பாவுக்கு இத எந்தக் கடையிலயும் சொல்லல.) குடியுரிமைக்கு மனுப் போடுறப்பவும் அந்த ஃபாரத்துலயே பேரு மாத்திக்கலாம், அத கோர்ட்டுல நீதிபதி முன்னால உறுதிமொழி எடுக்கறப்ப முடிச்சுக் குடுப்பாக. அதுல புருசன் மொதப் பேரையும் கேக்கலாம், கவிஞர் மாதிரி புனைபேரும் கேக்கலாம்.

கார்டு புதுப் பேருல, பாஸ்போர்ட் பழைய பேருலன்னு மட்டும் அதிக நாள் விட்டுறாதீக. ஏர்போர்ட்டுல டிக்கெட் எந்தப் பேருல எடுக்கறதுங்கற கொழப்பம் வந்துரும். டிக்கெட் பாஸ்போர்ட்டுல இருக்கற பேருலதான் இருக்கணும், கூடவே கல்யாணச் சான்றிதழக் கையில வச்சுக்கணும். ஊருக்கு வந்து மதுரையில மாத்தறவுகளுக்கு ரேஸ்கோர்ஸ் ரோட்டு பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கு. சாதா 36 பக்கத்துக்கு 1500 ரூபா, தட்கல்னா மேல 2000. புருசன் பேர கடைசிப் பக்கத்துல மட்டும் சேக்கணும்னாலும் புதுப் புத்தகம்தான் வாங்கணும். அது வேற, சர்நேம் மாத்தறது வேற. இந்த ரெண்டையும் கொழப்பித்தான் பாதிப் பேரு பயப்படுறாக. கடைசிப் பக்கத்துல புருசன் பேரு ஏறுனாலும், மொதப் பக்கத்துல அப்பா பேரு அப்படியே நிக்கும்.

ஆதாரையும் யோசிச்சுக்கங்க. ஆதார்ல பேர வாழ்நாள்ல ரெண்டு தடவதான் திருத்த முடியும். அவசரத்துல ஒன்னச் செலவழிச்சுட்டு, அப்புறம் எழுத்துப் பிழை வந்துச்சுன்னா மிச்சம் ஒன்னுதான்.

பிரிட்டன்ல வரிசை தலகீழ். அங்க வெளிநாட்டு ஆளுக்கு எல்லா ஆவணத்துலயும் ஒரே பேருதான் இருக்கணும்பாக. அதனால மொதல்ல சொந்த நாட்டு பாஸ்போர்ட் மாறணும், அதுக்கு அப்புறம்தான் அவுக பதிவு. பழைய பிளாஸ்டிக் அட்டை எல்லாம் 2024 கடைசியோட முடிஞ்சு, இப்ப எல்லாம் இணையத்துல இருக்கற ஈ-விசா. அந்தக் கணக்குல பாஸ்போர்ட் நம்பரையும் பேரையும் புதுப்பிக்காம ஊருக்குக் கெளம்பிறாதீக.

நம்ம ஊருக்கு மருமகளா வர்ற வெளிநாட்டுப் பொண்ணுகளுக்கும் இதே வரிசைதான். 2018ல இருந்து ஈ-எஃப்ஆர்ஆர்ஓன்னு இணையத்துலயே பதிவு வேல நடக்குது. கல்யாணத்தப் பதிஞ்சு ரெண்டு வருசம் சேந்து இருந்தா, வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா குடுக்கற ஓசிஐ அட்டைக்கு மனுப் போடலாம். அந்த அட்டையில பேரு அவுக நாட்டு பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரிதான் வரும். மாமியா வீட்ல செல்லமா மீனாட்சின்னு கூப்புடலாம், அட்டை மீனாட்சியாகாது.

இது எல்லாத்துக்கும் அஸ்திவாரம் கல்யாணச் சான்றிதழ். அங்கதான் நம்ம ஆளுக கோட்ட விடுறாக.

தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமா இருந்தாலும் பதிஞ்சே ஆகணும், 90 நாளுக்குள்ள. அதத் தாண்டுனா இன்னும் 60 நாள், கூடுதல் கட்டணத்தோட. மண்டபத்துல தாலி கட்டுனாலும் சரி, நம்ம ஆரோக்கிய அன்னை கோயில்ல மோதிரம் மாத்துனாலும் சரி. மால மட்டும் மாத்திக்கிட்ட சுயமரியாதக் கல்யாணமும் 1967ல அண்ணா கொண்டாந்த திருத்தத்துக்கு அப்புறம் செல்லும். பதியறப்ப என்ன நடக்குது? அப்பாவோ மாமாவோ மனுவ நிரப்புறாரு. கை பழக்கத்துக்கு ரா. செந்தில்குமார், மு. கயல்விழின்னு எழுதிருவாரு. இங்க அது முழுப் பேரு. அங்க ஆபீசரு பாஸ்போர்ட்டப் பாத்தா செந்தில்குமார் ராமசாமி, சான்றிதழப் பாத்தா ஒரு எழுத்து, ஒரு புள்ளி. ரெண்டும் ஒரே ஆளான்னு கேக்கறதுக்கு அவருக்கு உரிம இருக்கு. அப்புறம் அபிடவிட்டு, நோட்டரின்னு அலையணும். இன்னொரு விசயம், நம்ம சான்றிதழ்ல "கல்யாணத்துக்குப் பின் புதுப் பேரு"ன்னு கட்டமே கெடையாது. அமெரிக்காவுல சில மாகாணத்துல கல்யாண மனுவுலயே அது இருக்கும். அதனால அங்க இருக்கறவுக "சான்றிதழ்ல இருக்குமே"ன்னு சாதாரணமாச் சொல்வாக. நம்மகிட்ட இருக்காது.

அமெரிக்கக் குடியேற்ற ஆபீசுக்கு அப்போஸ்டில்ங்கற சர்வதேசச் சான்று முத்திரை தேவையில்ல. சான்றிதழ் தமிழ்ல இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரு சரின்னு எழுதிக் குடுத்த தாளும் போதும். இதுக்கும் கடையில முத்திரைக்குன்னு காசு வாங்குவாக, ஏமாறாதீக. துபாய் பக்கம் போறவுகளுக்கு வேற கணக்கு. அந்த நாடு அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இல்ல, தூதரக முத்திரை வேணும்.

எங்க வீட்டு விசயம் என்ன ஆச்சுன்னா, பாப்பா மாமியாகிட்ட நானே போன்ல பேசுனேன். நல்ல மனுசி அவுக. மகன் குடும்பம் ஒன்னா இருக்கணும்ங்கற ஆசதான், வேற ஒன்னும் இல்ல. அந்தத் தங்கச்சி கணக்கச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாக.

"அப்ப என் பேரும் என் புருசன் பேரும் பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கு, பாரு தாயி"ன்னு எடுத்துட்டு வந்து வாசிச்சாக. அவுக பாஸ்போர்ட்டுல சர்நேமா இருந்தது அவுக அப்பா பேரு. முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துனவுக! அதுல யாருக்கும் ஒரு கொறையும் வரல.

"அப்ப இவளுக்கும் அப்படியே இருக்கட்டும்"னுட்டாக. சித்தி அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குச்சு.

ஆவணியில எங்க மாமா மகனுக்குக் கல்யாணம். பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேருகிட்டயும் பாஸ்போர்ட் இருக்கு. பதிவு மனுவ எழுதறப்ப அந்த ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல விரிச்சு வச்சு, அதுல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து, முழுப் பேரா எழுதணும்னு மாமாகிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன். பொண்ணோட அப்பா பேரு சில தாள்ல சாமின்னும் சில தாள்ல ஸ்வாமின்னும் கெடக்குது. அதையும் கல்யாணத்துக்கு முந்தியே பாக்கணும்.